இடப்பக்கம் படுத்தால்

2007 ஜூலை 10, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்தே காலுக்கு எழுந்தேன். எதுவும் குடிப்பதற்கு முன்னால் எடை மெஷின் மேல் ஏறி நின்றேன். முந்தின நாள் நின்ற இடத்திலேயே முள் நின்றது. கணுக்கால் இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை. நீர் பிரியும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அந்த நாளைக்கு எனக்கு அனுமதித்திருந்த தண்ணீரை மூடி போட்ட கூஜாவில் ஊற்றி வைத்தேன். காப்பியும் ரசமும் மோரும் அந்த அளவுக்குள்தான் அடங்க வேண்டும். அதனால் காப்பி குடித்ததும் அதே டம்ளரால் ஒரு டம்ளர் தண்ணீரைக் கூஜாவிலிருந்து எடுத்துச் செம்பருத்திக்கு ஊற்றினேன். சாம்பாரில் உப்புப் போடுவதற்கு முன் என் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்தேன். ஏழு மணிக்கு என் கணவர் கிளம்பினார். செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகளைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. ஒன்பதரைக்கு நான் படியிறங்கினேன். வேங்கிக்காலில் எங்கள் வீட்டிலிருந்து நான் வேலை பார்க்கும் அரசு அலுவலகம் நடந்து போகிற தூரம்தான்.

அலுவலகத்தில் பதிவறை என் பொறுப்பு. இடப்பக்கம் சாய்ந்து கீழ்த்தட்டிலிருந்து கோப்பு எடுக்கும்போதெல்லாம் என் விலாவுக்குக் கீழே ஒரு துள்ளல் வரும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது விக்கல். அன்றும் வந்தது. பியூன் உடனே சொம்போடு வந்தார்.

"மேடம், யாரோ உங்கள ரொம்ப நெனைக்கிறாங்க."

"நெனைச்சுக்கட்டும். அந்தத் தண்ணிய நீங்களே குடிங்க, எனக்கு இன்னிக்குக் கணக்கு முடிஞ்சிடும்."

"தண்ணி குடிக்கக் கணக்குப் பாக்கிறவங்க இந்த ஜில்லாவிலேயே நீங்க ஒருத்தர்தான்."

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மனசு வேலையில் இல்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் துள்ளலை நிறுத்த மறுபடியும் ஆபரேஷன் செய்துகொள்வதா, அல்லது துள்ளலோடேயே இருந்துவிடுவதா. இரண்டில் ஒன்று. யோசித்து யோசித்து அலுத்துப் போயிருந்தேன். அந்த வருஷம் முழுவதுமே அலுப்புத்தான்.

என் இதயத்தில் ஓட்டை கிடையாது. பிறவியிலேயே இதயக் கோளாறு என்றால் எல்லோரும் ஓட்டை என்றுதான் நினைக்கிறார்கள். என் கீழறைகள் இரண்டும் இடம் மாறி அமைந்தவை. நுரையீரலுக்கு மட்டும் ரத்தம் தள்ளுவதற்கென்று உண்டான மெல்லிய அறை, உடம்பு முழுவதற்கும் தள்ளிக்கொண்டிருக்கிறது. குழாய்களும் அதற்கேற்ப மாறி இணைந்திருப்பதால் ரத்தம் போக வேண்டிய இடத்துக்குச் சரியாகவே போய்விடுகிறது. அதனால் சின்ன வயதில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் கடைசி. சோம்பேறி என்று பெயர். நானும் அப்படித்தான் நம்பினேன்.

கல்யாணமாகி நான்காவது வருஷம், 1990-ல், பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தேன். இதயம் மிகவும் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. மேலறையிலிருந்து கீழறைக்கு வர வேண்டிய மின் தூண்டல் பாதி வழியில் நின்றுபோகிறது என்றார்கள். சென்னைக்குக் கொண்டுபோய் இடது காரை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அங்கேதான் அறைகள் மாறியிருப்பதும் தெரிய வந்தது. குழந்தை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் அங்கேதான்.

என் கணவருக்கு ஒரே ஒரு அக்கா. ஆரணியில் இருக்கிறார். அவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, என் அப்பா நின்றுகொண்டிருக்கும்போதே, "தெரிஞ்சேதான் எங்க தலைல கட்டியிருக்காங்க" என்றார். எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும் என்று அப்பா சொன்னதை அவர் நம்பவில்லை. அதற்கப்புறம் பதினேழு வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. கல்யாணம் காட்சிகளில் பார்த்தால் தம்பியிடம் பேசுவார். என்னிடம், "இருக்கியா?" என்பார். "இருக்கேன் அண்ணி" என்பேன். அவ்வளவுதான்.

பேஸ்மேக்கர் என்னைப் பல வருஷம் நன்றாகவே வைத்திருந்தது. நடுவில் ஒரு முறை பேட்டரி தீர்ந்து புதியது மாற்றினார்கள். 2005 வாக்கில்தான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. எங்கள் வீடு மாடியில். படி திரும்புகிற இடத்தில் நின்று இளைப்பாறுவேன். பிறகு நிற்க முடியாமல் போனது. என் கணவர் அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். கீழ்வீட்டுக்காரர்கள், "என்ன சார், படியில ஆபீஸ் போட்டுட்டீங்களா?" என்று கேலி செய்தார்கள். இரண்டு தலையணை வைத்துப் படுத்தவள் மூன்று வைக்க ஆரம்பித்தேன். செருப்புப் பட்டை சாயங்காலத்தில் காலில் பதிந்து கிடக்கும்.

சென்னையில் என்னைப் பிறவி இதயக் கோளாறு பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார்கள். அது குழந்தைகள் பிரிவு. சுவர் முழுக்க யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்திருந்தது. இந்தக் கோளாறோடு பிறந்தவர்கள் வளர்ந்து நடுவயதுக்கு வருவார்கள் என்று கட்டிடம் கட்டியவர்கள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்டாள்.

"உங்க குழந்தைய உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"நான்தாம்மா குழந்தை."

அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் வயதைக் கேட்டாள். நாற்பத்தைந்து என்றதும் தன் குழந்தையை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, பையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

டாக்டரம்மா படம் போட்டுக் காட்டவில்லை. கேள்வி கேட்டார்.

"வீட்ல பெட்ஷீட் துவைச்சா எப்படிப் பிழிவீங்க?"

"ரெண்டு பேர் ரெண்டு முனையப் பிடிச்சு முறுக்குவோம்."

"ஒருத்தர் முறுக்கி முடிச்சப்புறம் இன்னொருத்தர் ஆரம்பிச்சா?"

"தண்ணி அப்படியே நிக்கும்."

"உங்க ஹார்ட்ல அதான் நடக்குது. பேஸ்மேக்கர் ஒரு பக்கத்த மட்டும்தான் தூண்டுது. அந்தப் பக்கம் முதல்ல சுருங்கிடுது, மத்த பக்கம் லேட்டா வருது. இத்தனை வருஷமா அப்படியே அடிச்சு அடிச்சு, பலம் கம்மியாயிடுச்சு. மத்த பக்கத்துக்கும் ஒரு கம்பி வெச்சு ரெண்டையும் ஒண்ணா சுருங்க வெக்கலாம்."

சரியாகிவிடுமா என்று என் கணவர் கேட்டார். எல்லோருக்கும் பலன் தெரியும் என்று சொல்ல முடியாது, இவருடையது மாதிரி மாறிப் பிறந்த இதயத்தில் செய்து பார்த்த அனுபவம் எங்களுக்கே கம்மிதான் என்றார் டாக்டரம்மா. மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் மாதம் செய்தார்கள். பழைய கருவியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, இன்னொரு கம்பியை ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தி இதயத்தின் வெளிப்புறத்தில் ஓடும் ஒரு சிறு நாளத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். என் நாளங்களும் வழக்கமான இடத்தில் இல்லாததால் நெடுநேரம் தேடினார்களாம். கடைசியில் ஒரே ஓர் இடம் கிடைத்தது. இடது கையை உயர்த்தக் கூடாது, மல்லாந்தே படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஏப்ரலில் ஒரு நாள், காய்கறிப் பையோடு மாடிக்கு வந்து பூட்டைத் திறந்த பிறகுதான் கவனித்தேன், நடுவில் உட்காரவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தேன். உட்காரத் தோன்றவில்லை. என் கணவரிடம் சொன்னதும் அவர் உடனே போய் நாற்காலியை எடுத்துவந்து மொட்டை மாடியில் போட்டார். கீழ்வீட்டுக்காரர், "ஆபீஸ மாத்திட்டீங்களா?" என்றார். "பதவி உயர்வு" என்றார் இவர்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் முதல் துள்ளல். மல்லாந்து படுத்துச் சலித்துப்போய், டாக்டர் சொன்ன கெடு முடிந்துவிட்டதால், பல நாள் கழித்து இடப்பக்கம் திரும்பிப் படுத்தேன். விலாவுக்குக் கீழே உள்ளேயிருந்து ஒரு விரல் சுண்டியதுபோல இருந்தது. திரும்பவும் சுண்டியது. நிற்கவில்லை.

"விக்கலா?" என்று இவர் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்தேன். நிற்கவில்லை. சர்க்கரை கொடுத்தார். தன்னிடம் அறை எடுத்திருக்கும் வெள்ளைக்காரம்மா மூச்சை அடக்கச் சொல்வாளாம், அதையும் செய்யச் சொன்னார். என்னிடம் போய் மூச்சை அடக்கச் சொல்கிறீர்களே என்றேன். அப்புறம் கட்டிலின் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதைச் செய்தார். விக்குகிறவரை நினைப்பவர் யார் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனால், சரியான ஆளைச் சொன்னதும் விக்கல் நின்றுவிடும்.

"உன் தம்பியா?"

துள்ளியது.

"செய்யாறு சித்தியா? ரிட்டையர் ஆனாரே, உன் பழைய சூப்பிரண்டெண்டு?"

துள்ளியது.

"ஆரணி அக்காவா?"

"அவங்க எதுக்குங்க என்னை நெனைக்கப் போறாங்க?" என்று மல்லாந்து அவர் பக்கம் திரும்பினேன். நின்றுவிட்டது.

இவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அடுத்த ஞாயிறும் அதேதான். துள்ளல் வந்தது, இவர் எடுத்ததும் "அக்கா" என்றார், நான் ஆட்சேபிக்கத் திரும்பினேன், நின்றது. இரண்டு தடவை நடந்துவிட்டால் இவருக்கு அது சட்டம். எனக்குத் தெரியாமல் ஆரணிக்குப் போன் பண்ணிவிட்டார்.

அந்த வாரமே அண்ணி பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் பை, பை நிறைய முறுக்கு. என்னால் அந்த உப்பைத் தொட முடியாது என்பது அவருக்குத் தெரியாது. படியேறி வந்து மூச்சு வாங்க நின்றவர் அவர்தான்.

"என்னாடி, நான் நெனைச்சா உனக்கு விக்குதாமே?"

"உங்க தம்பி சொல்றாரு அண்ணி."

"நான் எங்க உன்ன நெனைச்சேன்? போன மாசம் ஒரு கல்யாணத்துல உன் பேச்சு வந்துச்சு, நல்லா திட்டினேன். அதுகூட நெனைப்புல சேருமா?"

"சேரும்போல இருக்கு."

"அப்ப இத்தினி வருஷத்துக்கு நீ விக்கியே செத்திருக்கணும்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, காப்பி எங்கே போடுகிறாய் என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போனார்.

இரண்டு நாள் இருப்பதாகத்தான் வந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் நான் படுத்திருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எதிரிலேயே இருக்கும்போது விக்கல் எப்படி வருகிறது, பார்க்கிறேன் என்றார். இடப்பக்கம் திரும்பினேன். வந்தது. அவர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார், நிற்கவில்லை. மல்லாந்து படுத்தேன், நின்றது. திரும்பினேன், வந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, "அண்ணி, என் மணிக்கட்டப் பிடிச்சு நாடி அடிக்கிறப்பெல்லாம் சொல்லுங்க" என்றேன். அவர் "ம்... ம்... ம்..." என்று சொன்னார். ஒவ்வொரு "ம்"முக்கும் ஒரு துள்ளல். ஒன்றுகூடத் தவறவில்லை. என் தொண்டையில் சத்தமே வரவில்லை என்பதும் அப்போதுதான் கவனத்துக்கு வந்தது. எல்லாவற்றையும் எழுதி வைக்கிற நான், யார் நினைக்கிறார்கள் என்ற யோசனையில் இதைக் கோட்டை விட்டிருந்தேன்.

அண்ணி கையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப நான் இல்ல?"

"நீங்க இல்ல அண்ணி. கம்பி."

அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் மறுநாள் ஊருக்குப் போகவில்லை. மே மாதப் பரிசோதனைக்குச் சென்னைக்கு எங்களோடு அவரும் வந்தார்.

அங்கே ஒரு டெக்னீஷியன் பெண், என் மார்பின் மேல் ஒரு வட்டக் கருவியை வைத்து, எதிரே பெட்டி போலிருந்த கம்ப்யூட்டரில் எண்களை ஏற்றி இறக்கினாள். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு புதுக் கம்பிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறதாம். கம்பியில் வரும் தூண்டல் இதயத்தோடு சேர்த்து அந்த நரம்பையும் தட்டுகிறது. வலுவைக் குறைத்தாள். இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னாள். ஒன்றும் இல்லை. இருமச் சொன்னாள். ஒன்றும் இல்லை.

"விக்கல் போச்சா ஆன்ட்டி?"

"போச்சு."

அண்ணி அங்கிருந்தே நேராக ஆரணிக்குப் பஸ் ஏறினார்.

ஒரு மாதம் அமைதியாக இருந்தது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிப் படுத்தேன். ஜூன் பாதியில் எடை மெஷினில் முள் கொஞ்சம் நகர்ந்தது. வெயிலுக்குத் தண்ணீர் கூடக் குடித்திருப்பேன் என்று நினைத்தேன். கூஜாக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அப்புறம் கணுக்காலில் குழி விழுந்தது. அப்புறம் மூன்றாவது தலையணை. ஒரு சாயங்காலம் படியில் பாதி தூரத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மேலேயிருந்து இவர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அலுவலகத்திலிருந்து வந்தபோது நாற்காலி பழைய இடத்தில் இருந்தது. கீழ்வீட்டுக்காரர் பார்த்தார். கேலி செய்யவில்லை.

ஜூலை முதல் வாரம் சென்னைக்குப் போனோம். கம்பி வைத்த இடத்தில் திசு கொஞ்சம் தடித்துவிட்டது, அதனால் குறைத்து வைத்த வலு இப்போது இதயத்தைத் தூண்டப் போதவில்லை என்றார் டாக்டரம்மா. கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். வலுவைக் கூட்டினார்கள். கூட்டிய கணத்திலேயே விலாவுக்குக் கீழே பழைய சுண்டல் வந்துவிட்டது. இதயம் கேட்கும் அளவுக்கும் நரம்பு கேட்கும் அளவுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. அங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை.

"மூணு வழி இருக்கு" என்றார். "வலுவக் குறைச்சுப் பழையபடி விட்டுடலாம். அத நான் சொல்ல மாட்டேன். இப்படியே கூட்டி வெச்சு, துள்ளலப் பொறுத்துக்கலாம். இல்ல, மறுபடி உள்ள போய்க் கம்பிய இடம் மாத்திப் பாக்கலாம்."

"வேற இடம் கிடைக்குமா டாக்டர்?"

"போன தடவை கிடைக்கல. இந்தத் தடவை முயற்சி பண்ணுவோம். கிடைக்கலைன்னா மார்பத் திறந்து வெளியிலேருந்து தைக்கணும். இருக்கிற கம்பிய அசைச்சுட்டா இதே இடம் திரும்பக் கிடைக்கும்னும் சொல்ல முடியாது."

ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் ஒரு நாள் காலி இருக்கிறது, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள், அதுவரை கூட்டிய வலுவிலேயே இருந்து பாருங்கள் என்று அனுப்பினார்.

அந்த நாட்கள்தான் போய்க்கொண்டிருந்தன. முள் இறங்கியது. கணுக்கால் வற்றியது. மூன்றாவது தலையணையை எடுத்துவிட்டேன். துள்ளலும் கூடவே இருந்தது. இடப்பக்கம் படுத்தால் நிச்சயம் வரும். குனிந்தால் வரும். சில சமயம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வரும். வலி இல்லை. ஆனால் உள்ளே ஒருவர் ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தால் மனிதருக்கு அலுக்கும். தூக்கம் துண்டு துண்டாக வந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது அண்ணி வந்திருந்தார். தம்பி போன் பண்ணியிருக்கிறார். மூன்று பேரும் படுக்கை அறையில் உட்கார்ந்தோம், அங்கேதான் காற்று வரும்.

"பண்ணிக்கிட்டாத்தான் சரி" என்றார் இவர். "பாதி வேலைய அப்படியே விட்டுட முடியுமா?"

"பாதி வேலை இல்லங்க. படி ஏறறேன். முழு வேலைதான்."

"துள்ளிக்கிட்டே இருக்கியேம்மா."

"துள்றது எனக்கு. உங்களுக்கு என்ன?"

இவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "கீழ பாய்ல படுத்திருக்கேன், மேல கட்டில் கிரீச்சுங்குது. ஒவ்வொரு தடவையும் நின்னுடுச்சோன்னு எழுந்து பாக்கிறேன்."

அவர் எழுந்து பார்ப்பது எனக்குத் தெரியாது. என் தூக்கம் கெடுவதை மட்டும்தான் நான் எழுதி வைத்திருந்தேன்.

"நின்னா துள்ளாதுங்க" என்றேன். "அது துள்ளுதுன்னா கம்பியில கரண்ட் வலுவா போயிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். ஜூன் மாசம் பூரா துள்ளவே இல்ல. நான் எங்க உக்காந்திருந்தேன்? படியில."

டாக்டர் அப்படிச் சொன்னதில்லை. நரம்பு துள்ளுவதும் இதயம் கேட்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். ஆனால் என் விஷயத்தில் தோராயமாக அது உண்மை. தோராயமான உண்மையை நான் சாதாரணமாகச் சொல்கிறவள் இல்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"ஆபரேஷன்ல இடம் கிடைக்கலைன்னா இருக்கிறதும் போயிடும். அப்புறம் மார்பத் திறக்கணும். மூணு தடவை வெட்டிட்டாங்க. எனக்குத் தெம்பு இல்லங்க."

அண்ணி முறுக்குக்குப் பதிலாக இந்தத் தடவை உப்பில்லாமல் பொரி உருண்டை செய்து கொண்டுவந்திருந்தார், அதை உடைத்து என் கையில் கொடுத்தார்.

"எந்தப் பக்கம் படுத்தா ஜாஸ்தி?"

"இடப்பக்கம்."

"வலப்பக்கம்?"

"வரவே வராது."

"அப்ப வலப்பக்கமே படுத்துத் தொலையேன்டி."

"வலப்பக்கம் செவுரு அண்ணி."

கட்டில் கிழக்குச் சுவரை ஒட்டிக் கிடந்தது. தெற்கே தலை. வலப்பக்கம் திரும்பினால் மூக்குக்கு நேரே சுவர். காற்று வராது. மூச்சு வாங்கிப் பழகினவளுக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தாலே மூச்சு முட்டும்.

"தலகாணிய அந்தப் பக்கம் மாத்திப் போட்டாப் போச்சு" என்றார் இவர். "வலப்பக்கம் ஜன்னல் வந்துடும்."

அண்ணி தம்பியைப் பார்த்த பார்வையை விவரிக்க முடியாது. "வடக்க தல வெச்சுப் படுக்கச் சொல்றியா? இவ்ளோ செலவு பண்ணிக் காப்பாத்தி, வடக்க தல வெச்சுக் குடுக்கறியா?"

"அவ சயின்ஸ் நம்பறவ அக்கா."

"நீ நம்புவியா?"

இவர் என் பக்கம் திரும்பினார். என்னைக் கேட்டார்கள். யார் நினைத்தாலும் விக்கல் வராது என்று கடிகாரம் வைத்து நிரூபித்தவள் நான். ஆனாலும் வடக்கே தலை வைக்க எனக்கும் மனசு வரவில்லை, அதைச் சொன்னேன். அப்படியானால் கட்டிலை அப்படியே எதிர்ச்சுவருக்குத்தான் நகர்த்த வேண்டும். எதிர்ச்சுவரில் பீரோ இருந்தது. பீரோவை நகர்த்த வேண்டுமென்றால் அதைக் காலி செய்ய வேண்டும். "சரி, நாளைக்குக் காலையில" என்றார் இவர்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு?" என்றேன்.

"பீரோவ நகத்தறேன்னு சொல்லிட்டேனே. இன்னும் என்ன சொல்லணும்?"

அண்ணி எனக்கு உப்பில்லாமல் உப்புமா கிண்டினார். மூன்று பேரும் அதையே சாப்பிட்டோம். சகிக்கவில்லை. தட்டைக் காலி செய்தோம்.

மறுநாள் புதன்கிழமை. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லலாமென்றால், ஒன்பது மணிக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் போனை எடுக்க மாட்டார்கள். எழுந்ததும் முதல் வேலையாகப் பீரோவைக் காலி செய்தோம். புடவைகள், போர்வைகள், பழைய எக்ஸ்ரே படங்கள் எல்லாவற்றையும் அண்ணி எடுத்துத் தர, நான் கட்டில் மேல் வகைவகையாக அடுக்கினேன். கட்டிலையும் நகர்த்த வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அத்தனையையும் எடுத்துக் கூடத்துத் தரையில் வைத்தோம். அக்காவும் தம்பியும் இரண்டு பக்கமும் நின்று பீரோவைத் தள்ளினார்கள். என்னைத் தொட விடவில்லை. கட்டில் எதிர்ச்சுவருக்குப் போனதும் மெத்தையைத் தட்டிப் போட்டு, தெற்கே தலையணைகளை வைத்தார்கள். வலப்பக்கம் திரும்பிப் படுத்துப் பார்த்தேன். அறை முழுவதும் தெரிந்தது. இவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் விலாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.